ஆய்வில் விடுபட்ட பெண்கள்

பஸ் பதுளைக்கு வந்து சேரும்வரை அங்கம்மா இருமிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் மேனுஷா ஒவ்வொரு இருமலையும் உற்றுக் கேட்டாள். வறட்டு இருமலா, சளி கலந்ததா, மூச்சு இழுக்கிறதா? கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் அவளுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆராய்ச்சிதான் வேலை.

கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அங்கம்மா கொழுந்தெடுத்துப் படிக்கவைத்த ஒரே பிள்ளை அவள். ஆரம்பத்தில் எழுதிய கட்டுரைகளை யாரும் சீண்டவில்லை. ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டது. புகைபிடிக்காத பெண்களின் நுரையீரலில் தெரியும் சிறு புள்ளிகள் மிக மெதுவாகத்தான் வளர்கின்றன என்று அதில் எழுதியிருந்தாள். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். காலையில் எழுந்ததும் மேற்கோள் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று போனில் பார்ப்பாள். பேராசிரியர் பதவிக்கான நேர்முகம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டுரையை நம்பித்தான் விண்ணப்பித்திருந்தாள்.

டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தார்கள். டொக்டர் நிஸாமுக்கு மேனுஷா யாரென்று தெரியாது. தாயைக் கூட்டிவந்த மகளாகவே அவளைப் பார்த்தார். வலது நுரையீரலில் சின்னதாக ஒரு புள்ளி இருக்கிறது, பயப்பட வேண்டாம், ஒரு வருடம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்தால் போதும் என்றார். புகைபிடிக்காத பெண்களுக்கு இது வேகமாக வளராது என்று நம் நாட்டிலேயே செய்த ஆய்வு சொல்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அங்கம்மா கும்பிட்டுவிட்டு எழுந்தாள். அவர் சொன்ன ஆய்வு மேனுஷாவுடையதுதான்.

அந்த ஆய்வில் யார் இல்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். முதல் ஸ்கேனுக்குத் தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேர் வந்தார்கள். இரண்டாவதற்குப் பலர் வரவில்லை; லீவு கிடைக்கவில்லை, பஸ் வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். இரண்டு படங்களையும் ஒப்பிட்டால்தான் வளர்ச்சி தெரியும் என்பதால் அவர்களை விட்டுவிட்டாள். கடைசிப் பக்கத்தில் அதை ஒரு வரியில் சொல்லியும் இருந்தாள். மேற்கோள் காட்டிய ஒருவரும் அந்த வரியைத் தொடவில்லை.

கதவுவரை போன மேனுஷா நின்றாள். வாயைத் திறந்தால் தன் கட்டுரையைத் தானே குறை சொன்னதாகும். அதைவிடப் பெரிய பயம் ஒன்றிருந்தது. புள்ளி புற்றுநோயா என்று பார்க்கச் சதைத்துண்டு எடுக்கவேண்டும், அதற்கு நெஞ்சுக்குள் ஊசி விடவேண்டும். ஒன்றுமில்லாததற்கு அம்மாவை அந்தப் பாடு படுத்திவிட்டால்?

"டொக்டர், அந்தக் கட்டுரைய எழுதினது நான்தான்" என்றாள். "லயத்து வீட்டுல காலமெல்லாம் விறகடுப்பு ஊதிப் புகை குடிச்ச பொம்பளைங்க அதுல இல்லீங்க. எங்கம்மா அதுல இல்ல."

அவர் ஸ்கேன் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, ஊசி போட்டுப் பார்ப்பதென்றால் ஏற்பாடு செய்யலாம், ஆனால் அதிலும் ஆபத்து உண்டு என்றார்.

வெளியே வந்ததும் அங்கம்மா மகளின் கையை உதறினாள்.

"ஒன்னுமில்லன்னு அவரே சொல்றாரு. நீ ஏன் புள்ள நோயத் தேடிக்கிட்டு அலையிற?"

மேனுஷா கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தாள்.

பயந்தபடியே ஆனது. ஊசி குத்திய இடத்தில் நுரையீரலிலிருந்து காற்றுக் கசிந்து, அதை வெளியேற்ற நெஞ்சில் செருகிய குழாயோடு அங்கம்மா வார்ட்டில் கிடந்தாள். மகளோடு பேசவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து, புள்ளியில் ஏதாவது இருக்கவேண்டும் என்று ஒரு கணம் மனம் வேண்டிக்கொண்டதை உணர்ந்தபோது மேனுஷாவுக்கு உடம்பு கூசியது.

புற்றுநோய்தான். ஆரம்பக் கட்டம். கொழும்பில் அறுவைச் சிகிச்சை செய்து நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். ஒரு வருடம் காத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எந்த டொக்டரிடமும் அவள் கேட்கவில்லை.

நேர்முகத்தில் கட்டுரையின் குறையை அவளே எடுத்துச் சொன்னாள். பதவி அந்த முறை கிடைக்கவில்லை. விடுபட்ட பெண்களைத் தேடித் தோட்டந்தோட்டமாகப் போனாள். சிலரை வேன் பிடித்துக் கூட்டிவந்து மறுபடி ஸ்கேன் எடுத்தாள். சிலர் இறந்துபோயிருந்தார்கள். இருமல்தான் என்றார்கள் வீட்டார்; அதற்குமேல் அவர்களுக்குத் தெரியவில்லை. இறந்தவர்களையும் சேர்த்து இன்னொரு கட்டுரை எழுதினாள். தோட்டத்துப் பெண்களிடம் சில புள்ளிகள் வேகமாகவே வளர்ந்திருந்தன. அதை இதுவரை மேற்கோள் காட்டியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். டொக்டர் நிஸாம் மட்டும் அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டு, காத்திருக்கச் சொன்ன இரண்டு பெண்களைத் திரும்ப வரச்சொன்னார்.

பழைய கட்டுரையின் எண்ணிக்கை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஒன்று கூடும்போதெல்லாம் யாரோ ஒருத்தியிடம் காத்திருக்கச் சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றும். மேற்கோள் காட்டியவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதிவருகிறாள். சிலர் பதில் போடுகிறார்கள்.

அங்கம்மாவுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேன். போன தடவை சுத்தமாக இருந்தது. அடுத்தது வருகிற வாரம். அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். மேனுஷாதான் தூங்குவதில்லை.