மருந்து வைக்காத பாத்திகள்

என் தங்கை ஒக்கூரில் கத்தரி போட்டிருந்தாள். கணவர் போன பிறகு அந்தத் தோட்டத்தை நம்பித்தான் அவள் அடுப்பு எரிந்தது. போன பட்டத்தில் செடிகள் வெளிறி, வெயில் ஏறினால் துவண்டு விழுந்தன. கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்று என்னைக் கூப்பிட்டாள். ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் முழுக்க முடிச்சுகள். கண்ணுக்குத் தெரியாத நூற்புழு வேருக்குள் புகுந்து கட்டிக்கொண்ட வீடுகள் அவை.

இந்தப் பட்டத்தில் மண்ணில் வாழும் பாக்டீரியாவை வைத்துத் தடுத்துப் பார்ப்போம் என்றேன். பொடியாகவே விற்கிறார்கள். ஈரத் தொழுவுரத்தில் கலந்து, பாக்டீரியா பெருகட்டும் என்று நிழலில் சாக்குப் போட்டு மூடினோம். புழு வருமுன் அவை வேரைச் சுற்றிக் குடியேறிவிட வேண்டும். பிந்தினால் பலன் குறைவு.

“கண்ணுக்குத் தெரியாததை வச்சுக் கண்ணுக்குத் தெரியாததை வெரட்டுறீக. எனக்குத் தெரியிறது சாணி மட்டுந்தாண்ணே” என்று சிரித்தாள்.

உரம் வைப்பதை நானே ஏற்றுக்கொண்டேன். கிணற்றோரப் பாத்திகளுக்குக் கலந்த உரம்; வேலியோரப் பாத்திகளுக்கு வெறும் தொழுவுரம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கம் வேண்டுமே, ஆய்வுக்கூடப் பழக்கம். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள்.

வேலியோரம் இலை வெளிறத் தொடங்கியபோதாவது கலந்த உரத்தை வைத்திருந்தால் கொஞ்சம் தேறியிருக்கும். இன்னும் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். பூவெடுத்த சமயம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கினேன். கிணற்றோர வேரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முடிச்சு. நடுவே வெள்ளையாகப் புதுவேர். வேலியோர வேர் பாசிமணி கோத்ததுபோல வீங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பின்னால் தங்கை நின்றாள். “அங்குட்டு மட்டும் ஏண்ணே இப்படி? மருந்து பத்தலையா?”

“வைக்கவே இல்லை. வித்தியாசம் பார்க்க விட்டுவைத்தேன்.”

வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினாள். “ஒங்க மாடியில தொட்டிச் செடி இல்லையா? வாத்தியார் சோதிச்சுப் பாக்க என் சோத்துப்பானைதான் கெடைச்சுச்சாக்கும்.”

அந்தப் பாத்திகள் காய்க்கவில்லை. அவள் பிடுங்கி எரித்த அன்று கூடமாட நின்றேன். ஒரு வேரை மட்டும் ஈரத்துணியில் சுற்றினேன், வீட்டில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க. அவள் கண்டுகொண்டு கையை நீட்டினாள். கொடுத்தேன். நெருப்பில் போட்டாள்.

அந்த முடிச்சுக்குள் எத்தனை புழு இருந்திருக்கும் என்று இன்னும் யோசிக்கிறேன். அப்படி யோசிப்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.