கேரம் பலகையில் ஒரு போர்

என் அப்பாவைக் கோழை என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. வயதைச் சொல்லித் தப்பிக்க முடியாத தவறு அது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா முழுவதும் பேச்சாக இருந்த காலம். காஜா பேராங்கில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் மாலைதோறும் ஒரு பழைய போர் நடக்கும். இந்திய விடுதலைக்காகப் போன படை பர்மா எல்லையில் தோற்றுத் திரும்பிய போர். கேரம் பலகையில் பவுடரைக் கோடாகக் கொட்டினால் ஆறு; காய்கள்தான் படை. நடத்துபவர் பக்கத்து வீட்டுக் கிராணி, அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர். துப்பாக்கியைத் தொட்டறியாதவர், ஆனால் தலைவர் எந்த வாரம் பின்வாங்கியிருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். உண்மையில் அங்கே போய் வந்த அப்பாவோ, வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவரோடு போன மாமா, அத்தையின் கணவர், திரும்பவில்லை. குண்டு பட்டு நொடியில் உயிர் போனதாக அப்பா சொல்லியிருந்தார். அதன்பின் அத்தை எங்களோடுதான் இருந்தார்.

ஒருநாள் கிராணி என்னைத் தளபதியாக்கினார்.

"மழை. ஆறு பொங்குது. பின்னால எதிரி. பாதிப் பேருக்குக் காய்ச்சல், நடக்க முடியாது. என்ன செய்வே, தளபதி?"

கறுப்புக் காய்களை ஒரே தள்ளில் ஒதுக்கினேன். "இவங்கள விட்டுட்டு மத்தவங்க ஆத்தத் தாண்டணும்."

"கெட்டிக்காரன்லா இவன்! அன்னிக்கு இந்த மூளை ஒருத்தனுக்கும் இல்லாமப் போச்சே!"

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா உள்ளே வந்தார். "போதும். பலகைய எடுத்து வைங்க."

கைதட்டல் என் தலைக்கு ஏறியிருந்தது. "நீங்க இப்படிச் செஞ்சிருந்தா மாமாகூட உயிரோட வந்திருப்பாரு. உங்களுக்குத் தைரியம் இல்லப்பா. நீங்க கோழை."

அடி விழும் என்று காத்திருந்தேன்.

"செஞ்சேன்," என்றார் அப்பா.

கோப்பித் தட்டுடன் அத்தை கதவருகே நின்றிருந்தார். "யார விட்டுட்டு வந்தீங்க, அண்ணே?"

அப்பா தரையைப் பார்த்தார். கிராணி செருப்பைத் தேடினார். அத்தை தட்டைப் பலகையின் மேல் வைத்தார்; ஒரு சொட்டும் சிந்தவில்லை. விடிந்ததும் செமாபோக்கில் தம் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார்.

அப்பா யாரோடும் பேசவில்லை. அவருக்கு வைத்த சோறு அப்படியே இருக்கும். பொறுக்க முடியாமல், அவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு செமாபோக் போய் அத்தையின் காலில் விழுந்தேன்.

"எல்லாம் என்னாலதான். வீட்டுக்கு வாங்க, அத்தை."

"எந்திரிடா. உன்மேல என்ன கோவம்?" என்றார். "உங்கப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வா. விட்டுட்டு வர்றப்போ உங்க மாமாவுக்கு நெனவு இருந்துச்சா?"

வந்து கேட்டேன். அப்பா என்னிடமிருந்து சைக்கிளை வாங்கி நிறுத்தினார். பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் சுற்றிவிட்டார்.

"இல்லன்னு போய்ச் சொல்லு."

மூச்சிரைக்க மிதித்துப் போய்ச் சொன்னேன். அத்தை முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதார். அந்தத் தீபாவளிக்கு வீடு திரும்பி, அப்பாவுக்குத் தாமே பரிமாறினார். நான் உடைத்ததை நானே ஒட்டிவிட்டேன் என்று பெருமையோடு திரிந்தேன்.

ஒரே வார்த்தையில் முடிகிற அந்தக் கேள்விக்கு அப்பா ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.