குரைக்காத நாயைத் தந்த ஆண்டவர்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, முதலில் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் என் மனைவி மேபலை வீட்டுக்குள் விட்டு, வெளியே பூட்டுப் போட்டுவிட்டுத்தான் நான் ஆராதனைக்கு வந்தேன். "மேபலக்கா எங்க?" என்று கேட்டவர்களிடம் மூட்டுவலி என்றேன். அது பொய். அவளுடைய ஞாபகம் அழிந்துகொண்டிருந்தது.

எங்கள் வீடு பெரியகல்லாற்றில், வாவிக்கரையில் இருக்கிறது. நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். பிள்ளைகள் வெளிநாட்டில். மேபல் முதலில் சோறு வடிக்க மறந்தாள், பிறகு பிள்ளைகளின் பெயரை மறந்தாள். கதவு திறந்திருந்தால் தண்ணீரை நோக்கி நடப்பாள். ஊர் அறிந்தால் விசர், பைத்தியம் என்பார்கள் என்று பயந்தேன். "ஆண்டவரே, அவளைச் சுகமாக்கும், இல்லாவிட்டால் எங்கள் இரண்டு பேரையும் எடுத்துக்கொள்ளும்" என்று அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை. ஜெபமே கசந்துபோயிற்று.

கடைசியில் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். "சுகம் தராவிட்டாலும் ஒரு காவலையாவது தாரும்" என்றேன். நாய் ஒன்று இருந்தால், அவள் வேலிப் படலையைத் தாண்டும்போது குரைக்குமே என்று தோன்றியது. டவுனுக்கு வெளியே, கைவிடப்பட்ட நாய்களை எடுத்து வளர்க்கும் காப்பகம் ஒன்று உண்டு. ஒரு சனிக்கிழமை மேபலையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அங்கே போனேன்.

நான் வாய் ஓயாத இளம் நாயாகத் தேடினேன். மேபலோ, மூலையில் படுத்திருந்த ஒரு கிழட்டு நாயின் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு ஒரு கண் இல்லை. முகமெல்லாம் நரை. அது மெல்ல நகர்ந்து அவள் மடியில் தலையை வைத்தது.

"அது சீனி," என்றார் காப்பகத்துப் பெண். "காது மந்தம் ஐயா. குரைக்கவும் மாட்டுது. இவ்வளவு காலத்தில ஒருத்தரும் அதக் கேக்கல்ல."

"குரைக்காத நாய வச்சி நான் என்ன செய்யிற பிள்ள?"

மேபல் எழும்ப மாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்தேன், கடித்துவிட்டாள். நாய்க் காப்பகத்துக்குப் போய் மனைவியிடம் கடி வாங்கியவன் நான் ஒருவன்தான். வேறு வழியில்லாமல் சீனியை ஏற்றிக்கொண்டேன். வீடு வரைக்கும் ஆண்டவரோடு மனதுக்குள் சண்டை. அந்த நாய் செய்ததெல்லாம் மேபலின் பின்னால் நடப்பதும், அவள் உட்கார்ந்தால் மடியில் தலைவைத்துப் பெரிதாகக் குறட்டை விடுவதும்தான்.

கார்த்திகை மாத மழையில் வாவி நிரம்பி வேலிவரை வந்திருந்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அயர்ந்துவிட்டேன். எழும்பிப் பார்த்தால் படலை திறந்து கிடந்தது. அவளையும் நாயையும் காணவில்லை.

அன்றைக்குத்தான் தெருவில் நின்று உண்மையைச் சொன்னேன். "எண்ட மனிசிக்கு ஞாபகமில்ல! ஆளக் காணல்ல, ஓடி வாங்க!" யாரும் விசர் என்று சொல்லவில்லை. கை வேலையைப் போட்டுவிட்டுத் தோணிகளை எடுத்தார்கள். ஆனால் அவர்கள் பிறவி மீன்காரர்கள். வலைக்கு மீன் கலைப்பதுபோல் தண்ணீரில் தடியால் அடித்து, தோணிப் பலகையில் தட்டி, "மேபலக்கா!" என்று கூவிக்கொண்டே தேடினார்கள். நானும் தொண்டை கிழியக் கூவினேன். பதில் இல்லை. பொழுது சாய்ந்தது. ஒருவர் வலை எடுத்துவரப் போனார். அது எதற்கென்று எனக்குத் தெரியும்.

தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் கண்ணாக் காட்டோரம் சேற்றில் முழந்தாளிட்டேன். "ஒருக்காச் சத்தம் போடாம இருங்க, நான் ஜெபிக்கிறன்" என்றேன். தோணிகள் ஓய்ந்தன. இந்துச் சகோதரர்களும் கைகூப்பி நின்றார்கள். எனக்கோ ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்த அமைதியில்தான் எனக்கு அந்தக் குறட்டைச் சத்தம் கேட்டது.

கண்ணா வேர்களுக்கு நடுவே ஒரு சேற்றுத் திட்டில் மேபல் உட்கார்ந்திருந்தாள். மடியில் சீனி நித்திரை. அவளுக்கு முன்னால் ஓரடியில் ஆழம் தொடங்கியது.

"இவ்வளவு நேரமும் கூப்பிட்டமே, கேக்கல்லியா கா?" என்று தோணியில் இருந்தவர் கேட்டார்.

"கேட்டது. மெல்லப் பேசுங்க, நாய் முழிச்சிரும்" என்றாள்.

நான் அந்த நாயின் காலைப் பிடித்து அழுதேன். பூட்டை அன்றைக்கே வாவியில் எறிந்தேன். இப்போது மேபல் ஆலயத்துக்கு வருகிறாள். நான் வேலைக்குப் போகும் நாளில் சபைச் சகோதரிகள் மாறி மாறி வந்து அவளோடு இருக்கிறார்கள்.

அவள் சுகமாகவில்லை. நோய் கூடிக்கொண்டுதான் போகிறது. சீனியும் பின்னங்காலை இழுக்கிறது, இன்னும் எத்தனை நாளோ தெரியாது. ஆனாலும் சொல்லுகிறேன், உங்கள் துக்கத்தைச் சபையிடம் மறைக்காதீர்கள். கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று என்றால் ஆண்டவரோடு சண்டை பிடியுங்கள், ஆனால் வந்ததைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அவரை நம்புங்கள்.

காலையில் மேபல் என்னைப் பார்த்து, "நீங்க ஆரு?" என்று கேட்பாள்.

"இந்த நாய வளக்கிறவன்."

"அப்ப நல்ல மனிசன்தான்" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். அதற்காக ஒவ்வொரு நாளும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லுகிறேன்.