பாதி உருகிய கல்

கிரானைட் கடையில் பலகையைத் தூக்க கிரேன் உண்டு. வாங்க வருகிறவரின் சந்தேகத்தைத் தூக்கிப் போட நாம்தான் இருக்கிறோம். விற்பனையில் நின்று நின்று கால் வீங்கிய உங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஜியாலஜி படித்தவள். தர்மபுரி பைபாஸில் ஒரு கடையில் கல் விற்கிறேன்.

படிக்கட்டுக்குப் போக இருந்தவை

பக்கத்துக் குவாரியிலிருந்து சில பலகைகள் வந்தன. கறுப்பில் வெள்ளையும் ரோஸுமாக நெளிநெளியான வரிகள். ஒரே நிறமாக இல்லை, யாரும் வாங்க மாட்டார்கள், படிக்கட்டுக்கு அறுத்துவிடலாம் என்றார் முதலாளி. நாங்களோ படிக்கிற காலத்தில் இந்த வரிகளைப் பார்க்கவே மலைமலையாக ஏறியிருக்கிறோம்.

பூமிக்கடியில் சூடேறும்போது கல் மொத்தமாக உருகிவிடாது. வெளிர்நிறத் தாதுக்கள் முதலில் உருகி மாக்மா என்ற பாறைக்குழம்பாகும். கறுப்புத் தாதுக்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அந்த நிலையிலேயே ஆறி உறைந்த கல் இது. ஒரு வாரம் கொடுங்கள், விற்றுக் காட்டுகிறேன் என்றேன். முதலாளி சொன்னார்: "பாடம் எடும்மா, வேணாங்கல. பில்லையும் போட்டுரு."

கம்பைநல்லூர்க்காரர்

வாரக் கடைசியில், வீடு கட்டிக்கொண்டிருந்த கம்பைநல்லூர் விவசாயி ஒருவர் மனைவியோடு வந்தார். சமையல் மேடைக்குக் கல் வேண்டும். வரியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, உடைந்த கல்லை ஒட்டி விற்கப் பார்க்கிறீர்கள் என்றார். தண்ணீர் ஊற்றித் துடைத்துக் காட்டினேன். எந்த வரியிலும் ஈரம் தங்கவில்லை. பிறகு மாக்மா விஷயத்தை முழுதாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "அப்ப அரவேக்காட்டுக் கல்லத்தான் எங்க தலையில கட்டறீங்களாங்க?"

எள்ளுருண்டை

அவர் பைக் சாவியை எடுத்துவிட்டார். நான் கேட்ட ஒரு வாரம் அன்றோடு முடிகிறது. அவர் மனைவி பக்கம் திரும்பி, எள்ளுருண்டையைச் சட்டியில் போட்டுச் சூடு காட்டினால் எது உருகும் என்று கேட்டேன். வெல்லம் என்றார். எள்? அது அப்படியேதான் கிடக்கும் என்றார். வெல்லம்தான் இந்த வெள்ளை வரி, எள்தான் கறுப்பு என்றேன். பூமிக்கடியில் உருகினது நிறையச் சேர்ந்தால் மேலே ஏறிப் போய்விடும், சில இடங்களில் எரிமலையாகக்கூடக் கக்கும் என்றும் சொன்னேன்.

அந்த அம்மா ஒரு வரியின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே பலகையின் ஓரம்வரை போனார். பிறகு கணவரிடம் சொன்னார்: "சாவிய உள்ள வைங்க. இதான் நம்ம வூட்டுக்கு."

கிரகப்பிரவேசம்

என்னையும் முதலாளியையும் அழைத்திருந்தார்கள். சமையலறையில்தான் கூட்டம். அரைவேக்காடு என்று சொன்ன அதே மனிதர் நடுவில் நின்று, எந்தத் தாது முதலில் உருகும் என்று உறவுக்காரர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு இடத்திலும் தப்பில்லை. பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை. மேடையைத் தட்டி அவர் முடித்தார்: "எரிமலையாப் போகக் கெளம்புன கல்லுங்க இது, பாதி வழியில நம்ம வூட்டுக்கு வந்துருச்சு."

இப்போதெல்லாம் அந்த மாதிரிப் பலகை லாரியிலிருந்து இறங்குவதற்குள் விலையை ஏற்றிவிடும் எங்கள் முதலாளி, விளக்கத்தையும் தன் சொந்தச் சரக்காகவே விற்றுக்கொண்டிருக்கிறார்.