பாக்கியம் படித்த நான்கு வரிகள்

ரோஸ் ஹில் பள்ளியில் ஐயாசாமி வாத்தியார் புது வகுப்பு எடுக்கும்போது முதல் வாரம் பாடமே நடத்தமாட்டார். ஒவ்வொரு பிள்ளையாக வராந்தாவுக்கு அழைப்பார். முந்தின நாள் தாமே எழுதி வைத்த புதிய வரியைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார். படித்ததற்கு என்ன பொருள் என்று, தீவில் எல்லோரும் பேசும் கிரியோலில் கேட்பார். மற்றப் பிள்ளைகள் காதில் எதுவும் விழாது. யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்று குறித்துக்கொண்ட பிறகுதான் என்ன பாடம் என்று முடிவு செய்வார். இன்ஸ்பெக்டர் இதைப் பாராட்டி எழுதினார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டபோது வாத்தியார் பேச்சை மாற்றிவிட்டார்.

அவர் அதைக் கற்றது கரும்புத் தோட்ட ஊரான ரோஸ் பெல்லில், 1948 தேர்தலுக்கு முந்தைய மாதங்களில். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது, அந்த ஊர்ப் பள்ளியில் வாத்தியார். எளிய வாக்கியம் ஒன்றைத் தன் மொழியில் படித்து எழுதத் தெரிந்தவர் எவரும் ஓட்டுப் போடலாம் என்று புதிய சட்டம் வந்திருந்தது. அதுவரை ஓட்டு என்றால் எஸ்டேட் துரைமாருடைய சமாச்சாரம். இப்போது கரும்புக் காட்டில் களை எடுப்பவர்களும் போடலாம், படிக்கத் தெரிந்தால். கோயில் கமிட்டித் தலைவர் பொன்னுசாமி ஐயாசாமியைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கூடத்தில் தமிழ் வகுப்பு நடத்தச் சொன்னார். வாக்காளர் பதிவுக்கு நான்கு மாதம்தான் இருந்தது.

முதல் ஞாயிறு இருபத்துமூன்று பேர் வந்தார்கள். எல்லோரையும் அகரத்திலிருந்து தொடங்கினால் காலம் போதாது. ஆகவே யாருக்கு எவ்வளவு தெரியும் என்று முதலில் பார்த்துவிடுவது என்று ஐயாசாமி நினைத்தார். நினைப்பு சரிதான். ஆனால் படிக்கக் கொடுக்க அவரிடம் இருந்த ஒரே அச்சுத் தமிழ், கோயில் பாட்டுப் புத்தகம். அதைத் திறந்து வைத்து, வரிசையாக வரச்சொல்லி, எல்லோர் முன்னாலும் நான்கு வரி படிக்கச் சொன்னார்.

பெரும்பாலானவர்கள் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தெரியாது என்று தலையாட்டினார்கள். ஏழெட்டுப் பேர் எழுத்துக் கூட்டித் திணறினார்கள். பாக்கியம் வந்தார். நாற்பத்தைந்து வயது, களை எடுக்கும் கூட்டத்தில் இருபது வருஷமாக வேலை. வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் புத்தகத்தைக் கையில் பிடித்து முதல் குரல் கொடுப்பவர் அவர்தான். விரலை வரியின் மேல் ஓட்டிக்கொண்டு நான்கு வரியையும் தங்குதடையில்லாமல் சொன்னார். அடுத்த நான்கையும் சொன்னார். கூடம் நிமிர்ந்து பார்த்தது. ஐயாசாமி அவரைப் படிக்கத் தெரிந்தவர்கள் குழுவில் சேர்த்தார். அந்தக் குழுவில் அவரோடு சேர்த்து மூன்று பேர்தான். அவர்களுக்கு எழுத்துப் பாடம் கிடையாது. பலகையில் இருக்கும் வாக்கியத்தைப் பார்த்து எழுதிப் பழகினால் போதும். பாக்கியம் சிலேட்டில் கோலம் போடுவதுபோல் அச்சு அசலாக எழுதினார்.

ஐந்தாவது ஞாயிறு ஐயாசாமிக்கு விஷயம் தெரிந்தது. வகுப்பு முடிவில் பாட்டுப் பாடினார்கள். பாக்கியம் புத்தகத்தை மடியில் வைத்து விரலை ஓட்டினார். ஐயாசாமி பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். பாட்டு முடிந்தபோது அந்த விரல் பக்கத்தின் நடுவில், எந்த வரிக்கும் சொந்தமில்லாமல் நின்றது. சின்ன வயதில் கேட்டுக் கேட்டு மனசில் ஏற்றிக்கொண்ட பாட்டுகள் அவை. ஒரு எழுத்தும் அவருக்குத் தெரியாது. பாக்கியம் நிமிர்ந்து பார்த்தார். ஐயாசாமி கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இன்னும் பதினோரு ஞாயிறு இருந்தது. தனியாக அழைத்து அகரத்திலிருந்து ஆரம்பித்திருந்தால் நாலு சொல் வாக்கியம் படிக்கும் அளவுக்குக் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் பொன்னுசாமி, படிக்கத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் என்று பட்டியலை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். முதல் பெயர் பாக்கியத்தினுடையது. கோயிலில் முதல் குரல் கொடுப்பவரை அகரம் எழுதும் கூட்டத்தில் உட்கார வைத்தால் அவமானமாகிவிடும் என்று ஐயாசாமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது முழுப் பொய்யில்லை. ஆனால் தாம் வைத்த பரீட்சை தப்பு என்று ஊர் முன்னால் ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

பதிவு நாளில் அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு பரிசோதகர். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. பாக்கியம் வெள்ளைச் சேலை உடுத்தி வந்திருந்தார். சீட்டை வாங்கி, விரலை வைத்து, பாட்டின் நான்கு வரியைச் சொன்னார். பரிசோதகர் முழுவதும் கேட்டுவிட்டு, இதில் அப்படி எழுதியிருக்கவில்லையே அம்மா என்றார். பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாக்கியம் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, கதவருகே நின்ற ஐயாசாமியைத் தாண்டி வெளியே போனார்.

இருபத்துமூன்று பேரில் பத்தொன்பது பேர் தேறினார்கள். பொன்னுசாமிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கோயிலில் ஐயாசாமிக்கு மாலை போட்டார்கள். அவர் அதைக் கழற்றி என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

பாக்கியம் அதற்குப் பிறகு கோயிலில் பாடவில்லை. வருவார், கடைசியில் நிற்பார், திருநீறு வாங்கிக்கொண்டு போவார். புத்தகத்தை யார் நீட்டினாலும் கையால் தள்ளிவிடுவார். வெள்ளிக்கிழமைப் பாட்டு ஆளுக்கொரு சுருதியில் போயிற்று. ஐயாசாமி இரண்டு முறை அவர் வீட்டு வாசல்வரை போனார். ஒருமுறை, நான் சொல்லித் தருகிறேன் அக்கா என்றார். பாக்கியம் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டே, வேண்டாம் மிசியே என்றார். அங்கே வாத்தியாரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தாம் அறிந்ததை அன்றும் அவர் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு ரோஸ் ஹில்லுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

1959-இல் படிப்புச் சோதனை இல்லாமலே எல்லோருக்கும் ஓட்டு வந்தது. தேர்தல் வேலைக்கு ஐயாசாமியை ரோஸ் பெல்லுக்கு அனுப்பினார்கள். காலையில் வாக்குச்சாவடிச் சுவரில் வேட்பாளர் பட்டியல் ஒட்டியிருந்தது. அதன் முன்னால் பெண்கள் கூட்டம். ஒரு குரல் பெயர்களை ஒவ்வொன்றாக, நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தது. பிரெஞ்சு எழுத்தில் அச்சடித்த பெயர்கள். ஐயாசாமி கூட்டத்தை விலக்கிப் பார்த்தார். தலை நரைத்த பாக்கியம், மூக்குக் கண்ணாடியோடு நின்றிருந்தார். அந்தக் குரலில் பாட்டின் இழுவை இல்லை. ஒரு பெயரில் தடுக்கி, திரும்பிப் போய், எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

அடுத்த ஞாயிறு ஐயாசாமி பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனார். பாக்கியம் பக்கத்து வீட்டு இவெட்டின் தையல் அறையில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். இவெட்தான் சொல்லித் தந்தார் என்று அப்போது தெரிந்தது. முதலில் துணி மூட்டைகளில் ஒட்டிய பெயர்கள், பிறகு பழைய செய்தித்தாள். ஆறு வருஷம் பிடித்ததாம்.

ஐயாசாமி நின்றுகொண்டே பேசினார். "அக்கா, உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்கு முன்னாலயே தெரியும். பதிவுக்கு ரெண்டரை மாசம் முன்னாலயே தெரியும். சொல்லாம விட்டுட்டேன்."

பாக்கியம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நீங்க கண்ணக் கீழ போட்டீங்களே, அன்னிக்கே பாத்தேன் மிசியே. வந்து சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு டிமாஷும் காத்திருந்தேன்."

டிமாஷ் என்றால் ஞாயிற்றுக்கிழமை. பதினோரு ஞாயிறு. ஐயாசாமி அந்தக் கணக்கைப் பதினோரு வருஷம் தாம் ஒருவரே சுமப்பதாக நினைத்திருந்தார்.

"மன்னிச்சிருங்க அக்கா."

"நானும்தான் வாயத் திறக்கல. எனக்கு வெக்கம். உங்களுக்கு என்ன?"

இவெட் இருவரையும் பார்த்தார், தமிழ் புரியவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்தார். பாக்கியம் அதைக் குடிக்கச் சொன்னார், ரோஸ் ஹில்லில் மழை உண்டா, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஐயாசாமி பஸ்ஸுக்கு எழுந்தபோது அவர் அடுத்த சட்டையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

தீவு சுதந்திரம் அடைய இரண்டு வருஷம் முன்னால், 1966-இல், பாக்கியம் இறந்துபோனார். சாவுக்குப் போன ஐயாசாமி, வாசலுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றார். உள்ளே இவெட் பாக்கியத்தின் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். யாரோ ஐயாசாமியை அடையாளம் கண்டு, வாத்தியார் வந்திருக்கிறார், முன்னால் வாருங்கள் என்று இடம் விட்டார்கள். இங்கேயே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார்.