பிரேக் பிடித்தால் அணையும் இன்ஜின்

சத்தத்தைக் கேட்டாலே இன்ஜின் கோளாறைச் சொல்லிவிடும் மெக்கானிக் நான். பொய்! செல்வியின் டாக்சி என்னை மூன்று நாள் அலையவிட்டது. பிரேக் பிடித்து நிறுத்தினால் சில சமயம் இன்ஜினும் அணைந்துவிடும்.

"பின்னாடி லாரி வந்துகினு கீது, வண்டி ஆஃப் ஆயிடுச்சி. உசுரே போயிடுச்சி அண்ணாத்தே! இனிமே எப்டி சவாரி போறது?" என்றாள்.

ப்ளக்கை மாற்றினேன், பெட்ரோலைத் திட்டினேன். விடுவதில்லை என்று இன்று அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஓட்டி ஓட்டி நிறுத்தினேன். பிறகு பானெட்டைத் திறந்து ஒவ்வொரு குழாயாகத் தடவினேன். இன்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகும் காற்றுக்குழாயை ஒரு கம்பி அறுத்திருந்தது. பிரேக்கை மிதிக்கும்போது அந்தக் கீறல் விரிந்து, வெளிக்காற்று புகுந்து இன்ஜினை அணைத்திருக்கிறது. ஆயுத பூஜையன்று வண்டிக்குப் போட்ட பூமாலை பறக்காமலிருக்க, அதைக் கட்டிய கம்பியை முன்பக்க இடைவெளி வழியே உள்ளே விட்டுக் கைக்குக் கிடைத்த குழாயில் முறுக்கிய அறிவாளி நானேதான்.

புதுக் குழாய் போட்டாயிற்று. பழசை ஒளித்துவிட்டால் அவளுக்குத் தெரியவே தெரியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

"அண்ணாத்தே, இன்னாதான் கோளாறு?"

செல்வி கூப்பிடுகிறாள். குழாயோடு போகிறேன்.