காக்காவுக்கு மட்டும் வருகிற வலிப்பு

போன மாதம் ஒரு காலை. பக்கத்து வீட்டில் ‘டமார்’ என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், நஸ்ரின் விழுந்து கிடக்கிறாள் — கை கால் இழுக்க.

நிச்சயதார்த்தம் முடிந்த பெண். கல்யாணப் புடவைகூட எடுத்தாயிற்று.

கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டாள். “வலிப்பு மாதிரி இருக்கு ஹாஜரா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றேன் அவளுடைய உம்மாவிடம்.

“என்ன டீச்சர் கதைக்கிறீங்க? எங்கட காக்காக்குத்தான் அது இரிக்கி. காக்கா வலிப்பு! பொம்புளப் புள்ளைக்கு எப்படி வரும்?”

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது… ஹாஜரா கல்முனைப் பெண். அந்தப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் காக்கா என்றால் அண்ணன்! அவளுடைய அண்ணனுக்கு வலிப்பு. காக்கா வலிப்பு என்றால் அண்ணன்மாருக்கு வருவது என்று குடும்பமே முடிவுகட்டிவிட்டது. ஹாஜராவின் மூத்த மகனுக்கு வந்துவிடுமோ என்று கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூட வயதிலிருந்தே காலையில் கை உதறித் தேத்தண்ணியைச் சிந்திய நஸ்ரினுக்கோ ‘கவனமில்லாதவள்’ என்று பட்டம்.

எங்கள் கெலிஓயாவில் அண்ணனை நானா என்பார்கள். ‘அப்ப இங்க வந்தா நானா வலிப்பா?’ என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒருவழியாகக் கூட்டிப்போனோம். பேராதனை ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரி. “அம்மா, அது காகமும் இல்லை, உங்கட காக்காவும் இல்லை. கால் கை வலிப்பு எண்டதுதான் அப்பிடித் தேய்ஞ்சு போச்சு. பரம்பரையில ஓடக்கூடியது. ஆம்பிளை, பொம்பிளை எண்டு ஜீன் பார்க்காது.”

“அப்ப எனக்குப் பொறக்கிற புள்ளைக்கும் வருமா டொக்டர்?” நஸ்ரின் கேட்டாள். அவளுக்கு அதுதானே பயம்?

“வரலாம், வராமலும் விடலாம். உங்கட மாமாவுக்கு இருக்கு, அம்மாவுக்கு இல்லைத்தானே? மருந்துக் குளிசையை ஒழுங்காப் போடுங்கோ. பிள்ளை வேணுமெண்டு நினைக்கேக்க முதல் என்னட்ட வாங்கோ.”

வீட்டுக்கு வந்ததும் ஹாஜரா தொடங்கினாள். “மாப்பிள வீட்டுக்குச் சொல்லப்படாது. கல்யாணம் குழம்பிரும்!”

“நான் சொல்லுவன் உம்மா. குளிசைய அலுமாரிக்குள்ள ஒளிச்சி வெச்சி எத்தின காலத்துக்குக் குடிக்கிற?”

ஜீன் சிலரைத் தொடுகிறது, சிலரை விட்டுவிடுகிறது. மறைக்கிற பழக்கம் மட்டும் குடும்பத்தில் ஒருவரையும் விடுவதில்லை… என்ன சொல்கிறீர்கள்?

போன சனிக்கிழமை அக்குறணையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் வந்தார். துணைக்கு நானும் போயிருந்தேன். நஸ்ரின் முழுவதையும் சொன்னாள். குளிசைப் பெட்டியையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

அந்த அம்மா பெட்டியை எடுத்துப் பெயரைப் படித்தார்.

“எங்கட தாத்தாக்கும் இதேதான்” என்றார். அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. “நாங்க ஒத்தருக்கும் செல்லாம மறைச்ச. இப்ப நாலு புள்ளேட உம்மா. குளிச குடிச்சிட்டு நல்லா ஈக்கிறா. அடுத்த முற கிளினிக்குக்கு என்ட மகனயும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பக்கமும் ஈக்கிறத டொக்டர் அறியோணும்.”

ஹாஜரா அழுதுவிட்டாள். நானும்தான்.

“அழுதது போதும்” என்று அந்த அம்மா அதட்டினார். “தூக்கம் கெட்டாத்தான் தாத்தாக்கு அது வார. மருதோண்டியப் பகல்லயே போடுங்க. கல்யாணத்துக்கு முந்தின ராவு புள்ளய வேளைக்குப் படுக்க வைங்க. யாரும் முழிக்க வெச்சா என்னோடதான் பேசோணும்!”

மருமகளைத் தூங்கவிடச் சொல்லிச் சண்டைக்கு நிற்கிற மாமியார்… நான் பார்த்துவிட்டேன். நீங்கள்?